இப்போது எங்கே இருக்கிறீர்கள்?

வயோமிங் முடிந்து கொலராடோ தொடங்கும் பலகைக்கு
நூறு அடி தெற்கே என் பெட்ரோல் பங்க்.
காப்பி, தூண்டில் புழு, டயருக்குப் பனிச்சங்கிலி.
வாரத்தில் நாலைந்து கார்கள்
எண்ணெய் போடாமல் ஓரமாய் நிற்கும்.
உள்ளே ஒருவர் செல்போனுக்குச்
சட்டையைத் தூக்கிக் காட்டுவார்,
நாக்கை நீட்டுவார்.

டாக்டர் டென்வரில். உரிமம் கொலராடோவுடையது.
நோயாளி உட்கார்ந்திருக்கும் மண்ணில்தான்
மருத்துவம் நடக்கிறதாம், சட்டப்படி.
தன் வீட்டுச் சோபாவில் இருமினால் அவர் கேட்கக் கூடாது,
என் குப்பைத்தொட்டி அருகே இருமினால் கேட்கலாம்.

நான் சிரிப்பதில்லை.
என் தங்கை மார்லிஸின் தாடையைப் பெயர்த்தவன்
மூன்று மாநிலங்களில் உரிமம் பறிபோனவன்.
நாலாவதில் புதுப் பெயர்ப்பலகை மாட்டி உட்கார்ந்திருந்தான்.
அவள் இன்றும் சூப்பை
இடது பக்கமாகத்தான் குடிக்கிறாள்.
கோடு எதற்கென்று எனக்குத் தெரியும்.

ஆனால் பிப்ரவரியில் அந்தச் செவ்வாய்.
ஓடெட் கிரென்ஷாவின் பழைய பிக்கப்
பலகைக்கு இருபது அடி முன்னால் செத்துப்போனது.
அப்பாயின்ட்மென்ட் பத்து இருபதுக்கு.
மணி பத்து பதினாறு.
இறங்கி நடக்க மூச்சில்லை அவளுக்கு.
மூச்சைப் பற்றிப் பேசத்தானே வந்திருந்தாள்.

நானும் பால் லாரி ஓட்டும் இக்னாசியோவும்
பின்னால் போய்த் தோள் கொடுத்தோம்.
பனி காலை வாரியது. அவன் ஸ்பானிஷில்
யாரையோ திட்டினான், சட்டமன்றத்தையாக இருக்கலாம்.
முன்சக்கரங்கள் தாண்டின.
அதற்குமேல் ஏற்றம், தெம்பில்லை.
ஹேண்ட்பிரேக் போன வருஷமே போய்விட்டது.
எஞ்சின் செத்த வண்டியில் பிரேக் கல்லாய் இறுகும்,
அவள் கால்களோ வீங்கி ஷூவுக்குள் அடங்காதவை.

போன் அடித்தது.
எப்போதும் கேட்கும் முதல் கேள்வி:
"இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

ஓடெட் குனிந்து தன் மடியைப் பார்த்தாள்,
திரும்பிப் பலகையைப் பார்த்தாள்.
"வண்டியின் வால் இன்னும் அங்கேதான், டாக்டர்.
இதயம் உங்கள் பக்கம் வந்துவிட்டது."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.
ஒரு வரிக்குத் தேவையானதைவிட நீளமாக.
பிறகு,
"சரி. இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?"

மூன்று என்றாள்.
போன மாதம் இரண்டு.

கையை எடுத்தால் அவள் வயோமிங்குக்கு உருண்டுவிடுவாள்.
பதினெட்டு நிமிடம் நாங்கள் கையை எடுக்கவில்லை.
என் கடையில் யாரோ மணியடித்துக்கொண்டே இருந்தார்.

இரவு தோள் கழன்றுவிடும்போல் வலித்தது.
யாரிடமும் காட்டவில்லை.