கொண்டை ஊசி, கொக்கி ஊசி

அஸ்தம்பட்டியில் ஏறியபோது நாற்பத்தொன்பது சங்கிலி.
கோரிமேட்டில் எண்ணினால் நாற்பத்தெட்டு.
நடுவில் ஒன்று இறங்கிவிட்டது,
டிக்கெட் எடுத்ததோ இல்லையோ.
அடிவாரத்தில் வண்டி நின்ற நேரத்தில்
இன்னொன்றைப் போட்டு உட்கார வைத்தேன்.

அது ஆடி மாதம்.
இப்போது புரட்டாசி. வரிசை நூற்றுப் பன்னிரண்டு.

முறை ரொம்பச் சுலபம்.
ஒரே துளைக்குள் இரண்டு நீளத் தையல்,
இடையில் ஒரு சங்கிலி.
இரண்டு கண்ணை விட்டுவிடு. மறுபடி.
விடாமல் போட்டால் அது மிதியடி.
ஓரம் வந்ததும் மூன்று சங்கிலி மேலே ஏறி
வேலையை அப்படியே திருப்பிப் பிடி.

டிரைவரும் அதைத்தான் செய்கிறார்.
ஓரம்வரை போகிறார், முதல் கியர், ஹாரன்,
இரண்டு கையாலும் முழு ஸ்டியரிங்.
சற்றுமுன் இடப்பக்கம் கிடந்த சேலம்
வெள்ளைக்கல் சுரங்கத்தின் வெளுப்போடு
வலப்பக்க ஜன்னலுக்கு வந்துவிடுகிறது.
அவருக்கு இருபது வளைவு. எனக்கு மூன்று வரிசை.
நான்கு வந்தால் முன்னால் லாரி என்று அர்த்தம்.

யாருக்கு, என்பார்கள்.
மல்லிகைக் கூடைக்காரியிடம்: நாத்தனாருக்கு.
நாகலூர் டீச்சரிடம்: ஆபீஸில் ஒரு கல்யாணம்.
முழுக்க ஓட்டையாக இருக்கிறதே, குளிர் தாங்குமா
என்று கேட்ட மப்ளர்காரருக்கு ஒரு சிரிப்பு மட்டும்.
நானோ தபால் ஆபீஸ் சேமிப்புக் கவுண்டரில்
பத்தொன்பது வருஷமாக
யார் பேரில் போடுகிறீர்கள் என்று கேட்கிறவள்.
வாரிசுதாரர் பெயர் எழுதாத பாரத்தைக்
கையால்கூடத் தொடமாட்டேன்.

இன்று பதினான்காம் வளைவில்
நூல்பந்து மடியிலிருந்து குதித்தது.
பஸ் மூக்கைத் தூக்கியிருந்த நேரம்.
பின்னாலேயே உருண்டது:
மேட்டூர் மீன் கூடையைச் சுற்றி,
புது கேஸ் அடுப்பின் அட்டைப்பெட்டியை உரசி,
பிலவேந்திரன் என்று அப்புறம் தெரிந்துகொண்ட ஒருவரின்
இரண்டு கால்களுக்கும் நடுவே நுழைந்து
கடைசி சீட்டுப் பையன்களிடம் போய் நின்றது.
என் கையில் ஊசி. ஊசியில் ஒரு கண்.
கண்ணிலிருந்து பஸ்ஸின் முழு நீளத்துக்கும் நூல்.

காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க, என்றார் கண்டக்டர்.
முப்பது பேர் காலைத் தூக்கினார்கள்.
இன்ஸ்பெக்டர் செக்கிங் ஏறினாலும்
இவ்வளவு ஒற்றுமை வராது.
பஸ்ஸையே பின்னிட்டீங்களே மேடம், என்றும் சொன்னார்.

பந்து கைமாறிக் கைமாறி வந்தது.
ஆளுக்கு நாலு சுற்றுச் சுற்றி அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.
பிலவேந்திரன் மட்டும் பந்தை விட்டுவிட்டு
எழுந்து வந்து துணியைக் கேட்டார்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குக் கண்ணி கோர்க்கிறவராம்.
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
பற்றாசு எங்கே வைக்கிறீங்க?
பற்றாசு கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று போகிறது, அவ்வளவுதான்.
அப்போ இந்த நுனியை இழுத்தா?
மொத்தமும் வந்துவிடும்.
பட்டென்று திருப்பிக் கொடுத்தார்,
தூங்கும் குழந்தையை அதன் அம்மாவிடம் மாற்றுவதுபோல.

யாருக்குங்க?

நாத்தனார் வாய்வரை வந்துவிட்டாள்.
மல்லிகைக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.
டீச்சரும்.
எனக்குத்தான், என்றேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஹாரன் அடித்தது பதினைந்தாம் வளைவுக்காக.

ஏரிக்கரையில் இறங்கும்போது நூற்றுப் பதினான்கு.
ஒரு வரிசை குறைவு.
நூலில் கொஞ்சம் மீன் வாசனை, அலசினால் போகும்.
கை பதறி இறுக்கிப் போட்ட நாலைந்து கண்
கெட்டியாகவே இருக்கும், நான் பிரிக்கவில்லை.
கணக்குப் பார்த்தேன்:
கழுத்தில் சுற்றினால் அந்த இடம்
இடது காதுக்குக் கீழே வரும்.