மூன்றரை மாத நெல்

முத்தையன்கட்டுக் குளத்தின் துருசடியில்
இருபத்தாறு வருசம் அளவுகோல் பார்த்தவன் நான்.
காலை ஆறரைக்கு ஒரு எண்.
கொப்பியில் எழுதிக் கையொப்பம்.
எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று
அதை வைத்துத்தான் கந்தோரில் முடிவெடுப்பார்கள்.

இப்போது என்னை வாசிக்கிறார்கள்.

மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் யசோதினி என்ற பிள்ளை
முழங்கை மடிப்பில் நரம்பு தேடுவாள்.
"ஐயா, கையைப் பொத்துங்கோ."
மஞ்சள் மூடி ஒன்று, ஊதா மூடி ஒன்று.
ஐஸ் பெட்டியில் யாழ்ப்பாணம் போகும் என் ரத்தம்
நான் ஒருநாளும் போகாத குளிரில்.

பெருங்குடலில் ஒரு சாண் வெட்டியெடுத்த பிறகு
சீஈஏ நாற்பத்தொன்றிலிருந்து மூன்றுக்கு இறங்கியது.
குளமென்றால் அழுதிருப்பேன்.
டொக்டர் சிரித்தார்.
வற்றினால் நல்லது என்ற கணக்கு பிடிபட
எனக்கு இரண்டு கிளினிக் எடுத்தது.

அல்புமின் மட்டும் ஏற வேண்டுமாம்.
இராசமலர் நாளுக்கு இரண்டு முட்டை அவிக்கிறாள்.
மூன்றாவதைக் கறிக்குள் ஒளிக்கிறாள்.

பிறகொரு வகுத்தல் கணக்கும் இருக்கிறது.
ஓடிப்போய்ச் சண்டை பிடிக்கிற வெள்ளணு மேலே,
வந்தவன் முகத்தை மறக்காத வெள்ளணு கீழே.
சண்டைக்காரர் கூடி நினைவுக்காரர் குறைந்தால்
ஆயுள் குறையலாம் என்றார் டொக்டர்.
முப்பது வயதிருக்கும் அவருக்கு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்கான் படத்தில் இடுப்பெலும்பருகே
வெள்ளையாய் மின்னிய துண்டைக் காட்டி
"இது?" என்று கேட்டபோதும்
"அது பழசு" என்றதோடு சரி.

எண்ணை நம்பாதவன் இல்லை நான்.
ஒரு வறட்சியில் மூன்று அங்குலம் கூட்டி எழுதினேன்,
சனம் கால் ஏக்கராவது விதைக்கட்டுமென்று.
ஆடியில் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது.
குடலைப் பருவத்தில் கருகியது நெல்.
பகிடிக்குக்கூட யசோதினியிடம் கேட்டதில்லை
ஒரு புள்ளி குறைச்சு எழுதேலாதோ பிள்ளை என்று.

என்னோடு கிளினிக் வந்த ஒலுமடு கனகரத்தினத்துக்கு
எல்லா எண்ணும் திறம். மாசியில் செத்துப்போனார்.
எட்டுக்குக் கீழே இறங்காத அளம்பில் பிலோமினா
இன்னும் விடியற்காலை மீன் ஏலத்தில் குரல் வைக்கிறாள்.
நூறு பேரைப் பற்றிப் பேசும் அந்த எண்.
அதில் நான் எத்தனையாவது ஆள் என்று கேட்டால்
தண்ணிக்குள் கோல் மாதிரி நிற்கும்.

நேற்று சிறுபோகக் கூட்டம்.
புதிதாய்க் கோல் பார்க்கிற பெடியன்
பதினாறு அடி என்று வாசித்தான்.
என் சட்டைப் பையில் இந்தமுறை ரிப்போர்ட்,
பிரிக்காத உறை, வியர்வையில் ஒரு மூலை ஊறி.

"அண்ணை, உங்களுக்கு?"
அரை ஏக்கர்.
"மூன்று மாத நெல்லோ, மூன்றரையோ?"

அடுத்த ரத்தம் ஆடியில்.
மூன்றரை மாத நெல்
அதையும் தாண்டி இரண்டு கிழமை வயலில் நிற்கும்.
காவலுக்கு ஆள் வேண்டும். பன்றி வரும்.

மூன்றரை என்று எழுது, தம்பி.