கேட் போட்டிருந்தது

முதல் எட்டு வாரம் மீன்.
கொருக்குப்பேட்டைக்காரிக்கு மீன் புதிதா என்று சிரித்தார்கள்.
வரிக்குதிரை மீன், முட்டைக்குள்ளேயே
இதயம் வெளியே தெரியும்.
பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கு.
ராத்திரி கண்ணை மூடினாலும்
முப்பத்தாறு, முப்பத்தேழு.
ஹார்பரில் டிரெய்லர் ஓட்டும் அண்ணன் கேட்டான்:
"கொழம்புக்கு ஆவுமா அது?"

இரண்டாவது எட்டு வாரம் செல்.
சாயங்காலம் ஏழுக்கு மருந்து,
காலை ஏழுக்குக் கழுவ வேண்டும்.
பன்னிரண்டு மணி நேரம்,
அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது.
ஆறு முப்பத்திரண்டுக்கு
கேட் போட்டிருந்தது.
கரி வண்டி. நின்று, பின்னால் போய்,
யோசித்து, மறுபடி முன்னால் வந்தது.
நான் போய்ச் சேர்ந்தபோது
தட்டின் அடியில் ஒட்டியிருக்க வேண்டியவை எல்லாம்
மேலே மிதந்தன,
கழுவாத டம்ளரில் பால் ஏடு மாதிரி.

ஆய்வு நோட்டில் ஒரு கட்டம்:
'விலகலுக்கான காரணம்.'
கொருக்குப்பேட்டை கேட், என்று எழுதினேன்.
சிவப்பு மையில் வட்டம் போட்டு
மேடம் எழுதியிருந்தார்: இது காரணமல்ல.
"ஹாஸ்டலுக்கு வந்துடேன்" என்றாள் ரிஸ்வானா.
ஹாஸ்டலுக்கு மாதம் எவ்வளவு என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
உதவித்தொகை வந்து
மூன்று மாதம் ஆகியிருந்தது.

செவ்வாய், வியாழன் புள்ளியியல்.
சொந்தமாக ஏதாவது எண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார் சார்.
என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்:
நாற்பது நாள், காலை ஆறிலிருந்து எட்டு வரை
கேட் எத்தனை முறை விழுந்தது,
பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்.
பாய்சான் பரவல் என்றால்
சராசரியும் மாறுபாடும் ஒன்றாக இருக்க வேண்டுமாம்.
எனக்குச் சராசரி நான்கு,
மாறுபாடு பதினொன்று.
"ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும்
சம்பந்தம் இல்லைன்னு எடுத்துக்கலாமா?" என்றார்.
கப்பல் வந்தா சார், சேர்ந்தாப்ல வரும்.
வகுப்பு திரும்பிப் பார்த்தது.
இருபதுக்குப் பதினேழு போட்டார்.
அச்சுக்கு அலகு குறிக்காததற்கு மூன்று போயிற்று.

இப்போது மூன்றாவது. சளி.
மூக்கைக் கடிக்கும் முகமூடி, இரட்டைக் கதவு.
நீலத் தரையில் சிவப்புக் குச்சிகளைத் தேடி
ஒரு கண்ணாடித் துண்டுக்கு நூறு புலம்.
ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை,
ஒன்று.
பெயர் எங்களுக்குத் தெரியக் கூடாது.
வயது, ஆணா பெண்ணா, பின்கோடு.
இருபத்தொன்று என்று முடியும் சீட்டு வந்தால்
நூறு முடிந்த பிறகும்
இன்னும் பத்து பார்க்கிறேன்.
நெறிமுறைப்படி அது தப்பு.
நோட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்குள் படிவம் கொடுக்க வேண்டும்,
ஐந்து வருடத்துக்கு எந்த ஆய்வகம் என்று.
ரிஸ்வானா மீனுக்குப் போட்டுவிட்டாள்.
என் படிவம் பையில் இருக்கிறது,
டிபன் பாக்ஸ் ஈரம் ஒரு மூலையில் ஏறியபடி.
மூன்றாவது கட்டத்தில் பென்சிலால்
புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன்.

கேட் போட்டிருந்தது.
பைக்கைச் சாய்த்து இரண்டு பேர்
அடியில் நுழைந்து போனார்கள்.
பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ
யாரையோ திட்டுகிற மாதிரி ஹார்ன் அடித்தது.
மீன் கூடையை இறக்கி வைத்த அக்கா,
என் உதடு அசைவதைப் பார்த்து,
"எத்தினி பொட்டி?" என்றாள்.

நாப்பத்தொண்ணு.
இன்னும் முடியலக்கா.