தியாடா இஷாரத்

பெட்டி என் பெயருக்கு வரவில்லை.
உதவித்தொகைப் பட்டியலில் குடும்பத் தலைவர் என்று
தவசிலிங்கம், முனியாண்டி மகன்.
அடையாள அட்டை எண் சரி. லயத்து எண் சரி.
ஆள்தான் நான்கு வருடமாக ஜொகூரில்.

பூட்ட வந்த பையன் ஹபீஸ்.
வேனில் இன்னும் பதினெட்டுப் பெட்டி.
செலாமா டவுனைக் காலையிலேயே முடித்துவிட்டு
இருட்டுமுன் எங்கள் கடைசி லயத்துக்கும் வந்தாக வேண்டும்.
"சுவாமி மானா, காக்?" என்றான்.
மலாயில் புருஷனுக்கும்
நம்மூரில் கோயிலில் இருப்பவருக்கும் ஒரே சொல்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
வேலைக்குப் போயிருக்கார் என்றேன்.
எங்கோ ஒரு வேலையில்தானே இருப்பார்.
கையெழுத்தை நானே போட்டேன்.
கடன் பாரங்களில் போட்டுப் பழகிய கை.

பழைய படம் எப்படி இருந்தது தெரியுமா?
தமிழ்ச் செய்தி வாசிக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில்
ஒரு விரற்கடை தள்ளி
வெளிறிப்போன இன்னொரு பெண்,
அதே உதட்டை அசைத்துக்கொண்டு.
மழை வந்தால் மூன்று பேர்.
அவர் கூரைமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்புவார்,
நான் கீழே நின்று கத்துவேன்:
இன்னும், இன்னும் கொஞ்சம்,
அங்கேயே வை, ஐயோ போயிருச்சு.
கணக்குப் பார்த்தால்
நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அதுதான்.

அவர் போன பிறகு
சட்டை மாட்டும் கம்பியை வளைத்துச் செருகினேன்.
நான் தொட்டால் படம் தெளியும்
விட்டால் கொசு பறக்கும்.
தர்ஷாயினி பொம்மைப்படம் பார்த்து முடிக்கும்வரை
ஒரு கையில் கம்பி, மறுகையில் சோற்றுத் தட்டு.
அம்மா அசையாதே என்பாள்.
அசையவில்லை.

ஆலையில் எனக்கு எடைமேடை வேலை.
முள் ஆடிய காலத்தில் லாரிக்காரர்கள்
ஒரு தம்பிடி இடம் கேட்டுக் கெஞ்சுவார்கள்,
முள்ளும் கொஞ்சம் யோசிக்கும்.
பச்சை எண்கள் வந்த நாளிலிருந்து
ஜன்னலுக்கு வெளியே பேச்சே இல்லை.
அதனால் இந்தப் பெட்டி எப்படிப்பட்டது என்று
எனக்கு முன்பே தெரியும்.

பழைய அலையை நிறுத்திய இரவு விழித்திருந்தேன்.
பெட்டியைக் கழற்றிவிட்டுக் கம்பியைச் செருகினேன்.
இரண்டு பெண்களும் இருந்தார்கள்.
பிறகு இல்லை.
உலை கொதிக்கிற சத்தம் மட்டும்.
பக்கத்து வீட்டு லெட்சுமாயி சுவரைத் தட்டி
"ஒனக்கும் போயிருச்சா?" என்றாள்.

பெட்டியில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது.
செய்தி வாசிப்பவளின் நெற்றியில் வியர்வைகூட.
ஆனால் காற்றோடு மழை அடித்தால்
முகம் சதுரம் சதுரமாக உடைந்து
வாய் பாதி திறந்தபடி நின்று
நீலத்தில் எழுத்து வரும்: தியாடா இஷாரத்.
சைகை இல்லை.
முன்பென்றால் அரைகுறையாவது இருந்திருக்கும்,
இதற்கு அரை என்பது தெரியாது.

மூன்றாம் நாள் தொலைபேசி.
பெட்டியைப் பெற்றுக்கொண்டதற்கு நன்றி என்று
அவர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போயிருக்கிறது.
"பொட்டி வந்திருச்சாமே?"
நான்கு வருடத்தில் முதல் வாக்கியம்.
வந்திருச்சு.
"படம் தெளிவா இருக்கா?"
இருக்கு.
"ஆண்டெனாவ எந்தப் பக்கம் திருப்பின?
மலைப்பக்கம் வைக்கணும், நான் சொல்வேன்ல."
சன்னலோரம் சின்னதாக ஒன்று
அந்தப் பையனே வைத்துவிட்டுப் போனதைச் சொன்னேன்.
கூரைமேல் யாரும் ஏற வேண்டியதில்லை என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
லாரி ஒன்று, யாரோ சீனத்தில் கூப்பிடுவது,
அதற்குள் எங்கோ அவர் மூச்சு.

நான் உடனே வைத்துவிடவில்லை.