கால்கள் மட்டும்

முகம் வேண்டாம் என்றாள் ஒதீலியா,
கையுறையைக் கழற்றாமலே என் லென்ஸை மூடி.
பாதிப்பேருக்குக் காகிதம் இல்லை.
கால் வேண்டுமானால் எடுத்துக்கொள்.

நெப்ராஸ்காவில் டிசம்பர் பன்னிரண்டு.
மாதா கோவிலின் கார் நிறுத்தத்தில்
பனியை வழித்துத் தள்ளி, உப்புத் தூவி
ஒரு சதுரம் செய்திருந்தார்கள்.
பறை இரண்டு. ஒன்று தோல்,
மற்றது மிளகாய் ஊறவைத்த பிளாஸ்டிக் பீப்பாய்.

குப்புறப் படுத்தேன்.
முந்நூற்றுப் பதினாறு படங்கள்:
டயர் அறுத்துத் தைத்த செருப்பு,
அதன் அடியில் ஆணியடித்த தகரம்,
பாவாடை நெடுக நாணல் துண்டுகள்
(அவை இடித்துக்கொண்ட சத்தம் படத்தில் விழவில்லை),
இரவுப் பணி முடித்து நேரே வந்தவனின்
வெள்ளை ரப்பர் பூட்ஸ்,
கறித் தொழிற்சாலை கழுவியும் போகாத மடிப்பு,
இளஞ்சிவப்புக் காலுறையில் ஓர் ஐந்து வயது
ஒவ்வோர் அடவிலும் ஓரடி பிந்தி.

எதற்கு இதெல்லாம் என்றார்கள்.
என் வீட்டார் எங்கிருந்து வந்தார்கள்
என்று தேடுகிறேன், என்றேன்
நொண்டும் ஸ்பானிஷில்.
செனோபியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது:
தேடுகிறவள் ஏன் படுத்துக்கிடக்கிறாய்?

சக்காத்தேக்காஸ்.
அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது,
ஓர் எழுத்துப் பிழையோடு.
அங்கே என்ன இருந்தது என்று கேட்டால்
"தூசி" என்பார்.
அப்புறம் பேஸ்பால்.

அன்றிரவு சமையலறை மேஜையில்
மடிக்கணினியைத் திறந்துவைத்தேன்.
பீன்ஸ் தின்றுகொண்டே பார்த்தார்.
கால், கால், கால்.
"படமெடுக்கத் தெரியாதவள் மாதிரி
எல்லார் தலையையும் வெட்டியிருக்கிறாயே."

நூற்று நாற்பதிலோ என்னவோ
கரண்டி நின்றது.
"இவன் தப்பா ஆடுறான்.
இடது குதிகால் ரெண்டு தரம் விழணும்."

உங்களுக்கு ஆடத் தெரியுமா?
தெரியாது, என்றார் தட்டிடம்.

மேஜைக்குக் கீழே
எஃகு மூக்கு வைத்த பூட்ஸ் ஒன்று
லினோலியத்தில்
தட், தட்தட்.
தட், தட்தட்.
உப்பு ஜாடிக்கு மட்டும் கேட்டு
அது மெல்ல நகர்ந்தது.

கரண்டியைத் தவறவிட்டவள் போலக் குனிந்து
ஒரே ஒரு தடவை அமுக்கினேன்.
வெளிச்சம் போதவில்லை.
பூட்ஸ் இருந்த இடத்தில் பழுப்பாய் ஒரு கலங்கல்.
நாற்காலிக் கால் மட்டும் துல்லியம்.

அதைத்தான் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன்.
அச்சுக் கடையிலிருந்து ஆள் கூப்பிடுகிறான்:
இது கை தவறி
எடுத்தது இல்லையே?