மெதுவாக்கிக் காட்டும் இடம்

மாங்குளத்தில் எங்கள் காம்ப்.
சனிக்கிழமை இரவு
யசோமலரின் போனில் கார் ரேஸ் படம்.
போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டு
ஏழு பேர் ஒரே பாயில்.
கலரி நிறையச் சனம் எழும்பிக் கத்துகிற இடத்தில்
சிக்னல் அறுந்து
திரை நடுவே வட்டம் சுற்றும்.
அதுவும் ஒரு சில்லுத்தானே, ஓடட்டும்
என்பாள் அருந்ததி.

முதலில் கண்.
கண்ணாடிக்குள் நாயகனின் இரண்டு கண்.
பிறகு கை, கியர்.
பிறகு கால்.
எந்தப் படம் என்றாலும் அந்தக் கால் வரும்,
மிதிக்கிற சப்பாத்து, திரை முட்ட.
முதற் சுற்றிலேயே அடிமட்டும் மிதித்தவன்
கடைசிச் சுற்றிலும் இன்னும் மிதிக்கிறான்.
இவ்வளவு நேரமும் அரைவாசியிலோ வைச்சிருந்தவன்?
கேட்டது தயாநிதி.
முன்பு லொறி ஓட்டியவள்,
எந்த வீதியில், எந்த வருஷம் என்று
நாங்கள் கேட்டதில்லை.

கால் வரும்போது
கோமதி மட்டும் பாயின் நுனியைப் பார்ப்பாள்.
அதையும் யாரும் கதைப்பதில்லை.

திங்கள் விடிய
நாங்களும் ஹெல்மெட் போடுகிறோம்,
முகக்கண்ணாடியை இறக்குகிறோம்.
அவனுடையதில் வானமும் விளக்குகளும் ஓடும்.
எங்களுடையதில்
எங்கள் மூச்சே புகாராய்ப் படியும்.
எங்களுக்கும் ஒரு ஓடுபாதை உண்டு:
ஒரு மீற்றர் அகலம்,
ஓரத்தில் சிவப்புத் தலைத் தடிகள்.
முழந்தாளில் இருந்து
மண்ணைச் சுரண்டிச் சுரண்டி
மத்தியானத்துக்குள் ஒரு பாய் விரிக்கிற இடம்
முன்னேறினால் நல்ல நாள்.

நேற்று டிடெக்டர் கத்தியது.
நாற்பது நிமிடம்.
விரலளவு விரலளவாய் வந்தது
துருப்பிடித்த மோட்டச்சைக்கிள் செயின்,
மூன்று கண்ணி.
கண்ணி என்று நான் சொன்னதுதான் தாமதம்
மேற்பார்வையாளர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.
செயின் கண்ணி, அண்ணை,
செயின் கண்ணி!
பின்னேரம்வரை சிரித்தோம்.
அந்த மோட்டச்சைக்கிள் ஆருடையது என்ற பேச்சு
சிரிப்புக்குப் பிறகு வந்தது,
வந்தபடி போனது.

படத்தில் எனக்குப் பிடித்தது ஒரே இடம்.
கார் தூக்கி எறியப்படுகிற கணம்.
சத்தமெல்லாம் போய்விடும்.
சில்லு மெல்லச் சுழலும்.
கண்ணாடித் தூள்
எண்ணி எடுக்கலாம்போல அந்தரத்தில் நிற்கும்.
முந்நூறு மைல் வேகத்தையும் காட்ட
கடைசியில் மெதுவாக்கத்தான் வேண்டியிருக்கிறது
அவர்களுக்கு.
அந்த இடம் எனக்குத் தெரியும்.
அங்கேதான் எனக்கு வேலை,
காலை ஆறரை தொடக்கம் இரண்டரை மட்டும்.

அடுத்த ஷொட்டில்
தீக்குள்ளிருந்து நடந்து வருகிறான்.
புருவத்தில் மட்டும் ஒரு கீறல்,
அதுவும் வடிவான கீறல்.
விசர்ப்படம் என்று
அருந்ததி நிற்பாட்டக் கை நீட்டினாள்.
விடு, என்றாள் கோமதி.
அவன் நடக்கிறதைப் பாப்பம்.

லீவு நாள்.
யசோமலர் ஓட்ட, நான் பின்னால்.
ஏ-ஒன்பது வீதி நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது.
எழுபது, எண்பது, எண்பத்தைந்து.
பின்னணி இசை இல்லை,
காதுக்குள் காற்றும்
தளர்ந்த நம்பர் தகட்டின் கடகடப்பும்.
எங்களை ஒரு வான் முந்தியது,
வானை யாழ்ப்பாண பஸ் முந்தியது,
பஸ்ஸை ஒரு பெடியன்
குனிந்து, படத்தில்போலக் குனிந்து, முந்தினான்.

முறிகண்டியில் பார்த்தால்
பெடியன், பஸ், வான் எல்லாம்
வரிசையாய் நிற்கின்றன.
திருநீறு, சூடம், உடைத்த தேங்காய்.
ஆர் முதல் வந்தது என்று
பிள்ளையார் கேட்கவில்லை,
ஒருக்கால் ஓடாமலே வென்ற ஆள்.

இறங்க முன்னம்
கால் வைக்கப்போகும் இடத்தைப் பார்த்தேன்.
கச்சான் கோது.
வைத்தேன்.