கண்ணி அளவு

கண்ணி என்றால் இரண்டடிப் பாட்டு என்றார்
பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர்.
எங்கள் தருவைகுளத்தில் அது வலையின் ஓட்டை.
வரைவு விதியில் நான் எழுதினேன்:
எண்பது மில்லிமீட்டருக்குக் குறையலாகாது.
எமரால்டில் அப்போது ஜனவரி.
அலுவலக வாளியில் ராத்திரித் தண்ணீர்
கண்ணாடிபோல் உறைந்து கிடந்தது.
எண்பதை எழுத விரல் இரண்டு முறை மறுத்தது.

ஊரில் தடைக்காலம் வந்தால் விசைப்படகு கரையேறும்,
நாய்க்குக்கூடத் தெரியும் அந்த அறுபத்தொரு நாள்.
இந்த அணையில் மீனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

மார்ச்சில் சங்கக் கட்டடத்தில் கூட்டம்.
பரிசல் பன்னிரண்டு, ஆள் பத்தொன்பது,
வெளியே கேரட் லாரி கழுவும் சத்தம்.
பதினோரு பக்கமும் வாசித்து முடித்தேன்.
தங்கேஸ்வரன் தன் வலையை மேசைமேல் போட்டார்,
ஒரு கண்ணிக்குள் தீப்பெட்டியை நுழைக்கப் பார்த்தார்,
நுழையவில்லை.
"நாப்பதுகூட இருக்காது மேடம். ஒளிக்கல.
விரல் நீள மீனுக்கும் கிலோ தொண்ணூறு,
முழங்கை நீள மீனுக்கும் அதே தொண்ணூறு.
அது வளர்ற வரைக்கும் நான் எதுக்குக் காத்திருக்கணும்?
நான் விட்டா நாளைக்கு அந்தோணிராஜ் வலையில."
அந்தோணிராஜ் மறுக்கவில்லை.
பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

வரைவைப் புரட்டினேன்.
அபராதம் இருந்தது, படிவம் மூன்று இருந்தது,
விலை என்ற சொல்லே இல்லை.

ஊட்டி மார்க்கெட்டில் விற்கும் யோகேஸ்வரி
கதவோரம் நின்றபடி கேட்டாள்:
"கண்ணிய அளந்தீங்க சரி,
ஷட்டர யாரு அளக்கிறது?"

கூட்டிப்போனாள்.
நேற்றைக்கு நீர் இருந்த இடத்தில் இன்று சேறு,
இறங்கியது நான்கு அடி.
கரைப்புல்லில் கெண்டை முட்டை
கசகசா ஒட்டியதுபோல் ஒட்டிக்கொண்டு,
பாதி வெளுத்து, பாதி காய்ந்து.
"கீழ எங்கயோ நல்லா லைட்டு எரிஞ்சிருக்கு" என்றாள்.
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மின்வாரியத்துக்குக் கடிதம் போட்டேன்:
முட்டையிடும் மூன்று வாரம் மட்டும்
நீர்மட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டுகிறேன்.
பதில் ஒரே வரி:
பொருள் இவ்வலுவலகத்தைச் சார்ந்ததன்று.
கையெழுத்து மணி மணியாக இருந்தது.

வரைவைத் திரும்ப எழுதினேன்.
கண்ணியை ஏழாம் பத்திக்குத் தள்ளினேன்.
முதல் பத்தியில் தராசு:
பெரிய மீனுக்கு ஒரு விலை,
ஒரு சாணுக்குக் குறைந்ததற்கு விலையே கிடையாது,
வாங்குகிறவருக்குத்தான் முதல் அபராதம்.
இரண்டாம் பத்தியில் குத்தகை.
ஒரு வருடத்துக்கு எடுத்தவன்
அடுத்த வருட மீனை வைத்து என்ன செய்வான்?
ஐந்து வருடம் கொடுங்கள்,
சங்கத்துக்கே கொடுங்கள் என்று எழுதி
அடிக்கோடும் போட்டேன்.
அரசுக் கோப்பில் அடிக்கோடு போடக்கூடாதாம்,
அது தனிக்கதை.
சென்னையில் கேட்டால் நகர்கிறது என்கிறார்கள்.
எந்தத் திசையில் என்று கேட்டேன்,
லைன் கட்டாகிவிட்டது.

கரையிறக்கப் பதிவேட்டில் நாலு கட்டம்:
தேதி, பரிசல், இனம், எடை.
ஐந்தாவதாக ஒன்றைப் பென்சிலால் கோடிழுத்து
தலைப்பில்லாமல் விட்டுவைத்தேன்.
இரண்டு நாள் காலி.
மூன்றாம் நாள் தங்கேஸ்வரன் கையெழுத்து, சாய்வாக:
"7 வுட்டாச்சு."
அதன்கீழே அந்தோணிராஜ்: "நானும் 2."

கூடையில் இல்லாத மீனுக்குப் பதிவேட்டில் என்ன வேலை என்று
தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார்.
கேட்கட்டும்.
வுட்டாச்சு என்பதை நான் திருத்தவில்லை,
பென்சில் கோட்டின்மேல் மையால் ஓட்டினேன்.

அன்று ராத்திரியும் ஷட்டர் திறந்தது.
ஒன்றரை அடி.
யோகேஸ்வரி சேற்றில் நட்டுவைத்திருந்த குச்சி
காலையில் காட்டியது.